காக்குமா: வறண்ட மண்ணில் எழுந்த அகதிகள் நகரம் – உங்களுக்குத் தெரியுமா?

கென்யாவின் வடமேற்கு மூலையில், துர்கானா மாவட்டத்தில் இருக்கிறது காக்குமா. அகதி முகாம் என்றதும் நம் நினைவுக்கு வரும் தார்ப்பாயும் நீண்ட வரிசையும் அங்கே உண்டு. மொத்த வியாபாரக் கடை, வங்கிக் கிளை, கால்பந்து காட்டும் வீடியோ கொட்டகை, கல்லூரி வகுப்பு ஆகியவையும் உண்டு. முப்பது வயதைத் தாண்டிவிட்ட இந்த ஊரைப் பற்றியும், உகாண்டா, தான்சானியா முதலிய அண்டை நாடுகளின் அகதிக் குடியிருப்புகளைப் பற்றியும் சில தகவல்கள் இதோ.

ஊர் பிறந்த கதை

● காக்குமாவின் முதல் குடிமக்களில் பெரும்பகுதி சிறுவர்கள். சூடானின் உள்நாட்டுப் போரில் வீட்டைப் பறிகொடுத்த ஆயிரக்கணக்கான பையன்கள் 1980-களின் கடைசியில் எத்தியோப்பியாவுக்கு நடந்தே போனார்கள். 1991-ல் அங்கே ஆட்சி கவிழ்ந்ததும் அந்த முகாம்களையும் விட்டு ஓட வேண்டியதாயிற்று. மறுபடியும் நடை. ஆறுகளிலும் காடுகளிலும் பலர் இறந்துபோனார்கள். பிழைத்தவர்கள் 1992-ல் கென்ய எல்லையைத் தொட்டபோது அவர்களுக்காகத் திறக்கப்பட்டதுதான் காக்குமா முகாம். ‘சூடானின் தொலைந்த சிறுவர்கள்’ என்று உலகம் அழைத்த இவர்களில் சுமார் 3,800 பேர் பின்னர் அமெரிக்காவில் குடியேறினார்கள்.

● இன்று காக்குமாவும் அதை ஒட்டிய கலோபேயே குடியிருப்பும் சேர்ந்து சுமார் 3 லட்சம் பேரைத் தாங்குகின்றன. தெற்கு சூடான், சோமாலியா, காங்கோ, எத்தியோப்பியா, புருண்டி, ருவாண்டா, எரித்ரியா என ஒரே தெருவில் பல நாட்டு மொழிகள் கேட்கும். தெரு தாண்டிப் பேச சுவாஹிலி கைகொடுக்கிறது.

● பகல் வெப்பம் 40 டிகிரியை எட்டும் ஊர் இது. நடுவே ஓடும் தாராச் ஆறு ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணல்தான். ஆனால் மலைப்பக்கம் மழை கொட்டினால் சில மணி நேரத்தில் வெள்ளம் புரண்டு வந்து மண் வீடுகளைக் கரைத்துக்கொண்டு போய்விடும். ஒரே ஊரில் வறட்சியும் வெள்ளமும்.

● கென்யாவின் கிழக்குக் கோடியில், சோமாலியா எல்லையை ஒட்டி, காக்குமாவுக்கும் மூத்த ஒரு முகாம் இருக்கிறது. பெயர் தாதாப். 1991-ல் 90,000 பேருக்காக அமைக்கப்பட்டது. 2011-ல் சோமாலியாவைப் பஞ்சம் தாக்கியபோது அங்கே கிட்டத்தட்ட 5 லட்சம் பேர் இருந்தார்கள். அன்றைக்கு உலகின் மிகப் பெரிய அகதி முகாம் அதுதான்.

● 1994 ஏப்ரல் இறுதியில் ருவாண்டாவிலிருந்து ருசுமோ பாலத்தைக் கடந்து 24 மணி நேரத்துக்குள் தான்சானியாவில் நுழைந்தவர்கள் சுமார் 2.5 லட்சம் பேர். ஒரு நகரத்து மக்கள் தொகை ஒரே நாளில் ஒரே பாலத்தைக் கடந்தது.

வந்தவர்களும் வரவேற்றவர்களும்

● ஐரோப்பியர்கள் ஆப்பிரிக்காவில் அகதிகளாக இருந்த காலமும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் சோவியத் அரசால் சைபீரியப் பக்கம் நாடு கடத்தப்பட்ட போலந்து மக்கள், விடுதலையானதும் ஈரான் வழியாக வெளியேறினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் உகாண்டாவின் மசிந்தி, கோஜா குடியிருப்புகளிலும், இன்றைய தான்சானியாவின் தெங்கேருவிலும் தஞ்சம் புகுந்தார்கள். அதே பயணத்தில் இன்னொரு பிரிவு இந்தியாவுக்கு வந்து ஜாம்நகர் அருகிலும் கோலாப்பூர் அருகிலும் தங்கியது. மசிந்தி அருகே நியாபியேயாவில் போலந்து அகதிகள் தங்கள் கையால் கட்டிய தேவாலயம் இன்றும் நிற்கிறது.

● ருவாண்டாவின் அதிபர் பால் ககாமே சிறுவனாகக் குடும்பத்தோடு நாட்டை விட்டு ஓடி, மேற்கு உகாண்டாவின் அகதிக் குடியிருப்பில் வளர்ந்தவர்.

● உகாண்டாவின் வடமேற்கில் உள்ள மேற்கு நைல் பகுதி மக்கள் இன்று தெற்கு சூடான் அகதிகளை ஏற்று வாழ்கிறார்கள். 1979-ல் இடி அமீன் ஆட்சி வீழ்ந்த பின் நடந்த பழிவாங்கலுக்குப் பயந்து இதே மக்கள் எல்லை தாண்டி சூடானிலும் காங்கோவிலும் தஞ்சம் புகுந்து, ஆண்டுக்கணக்கில் அங்கே இருந்தார்கள். அன்று சோறு போட்டவர்களின் பிள்ளைகள் இன்று வந்து நிற்கும்போது ‘நீ யார்?’ என்று கேட்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

● அந்த மேற்கு நைலில் 2016 ஆகஸ்டில் பிடிபிடி என்ற குடியிருப்பு தொடங்கியது. அதே ஆண்டு முடிவதற்குள் சுமார் 2.7 லட்சம் பேர் வந்து சேர்ந்ததால் புதியவர்களுக்குக் கதவு சாத்தப்பட்டது. ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் பரந்திருக்கும் அந்த நிலம், உள்ளூர்ச் சமூகத்துக்கு வழிவழியாக உரிமையானது. பெரியவர்கள் கூடிப் பேசி, வாடகை கேட்காமல் கொடுத்தார்கள். இங்கே முள்வேலியும் இல்லை, காவல் வாசலும் இல்லை.

தண்ணீரும் கூரையும்

● உலக அளவில் நிவாரண அமைப்புகள் பின்பற்றும் குறைந்தபட்ச அளவுகள்: ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர், 250 பேருக்கு ஒரு குழாய், வீட்டிலிருந்து குழாய்க்கு 500 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, வரிசையில் 30 நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது, 20 பேருக்கு ஒரு கழிப்பறை. புதிதாக ஒரு லட்சம் பேர் வந்து இறங்கும் வாரத்தில் இந்த எண்களைக் காப்பாற்றுவதுதான் முகாம் பொறியாளரின் போராட்டம்.

● அந்த 15 லிட்டர் கணக்கில் ஐந்து பேர் கொண்ட வீட்டுக்கு நாளொன்றுக்கு 75 லிட்டர் வேண்டும். முகாம்களில் தண்ணீர் பிடிப்பது 20 லிட்டர் மஞ்சள் கேனில். நிரம்பினால் கேன் 20 கிலோ. ஒரு வீட்டுக்கு நான்கு நடை. பெரும்பாலும் அந்த நடை நடப்பது அம்மாவும் மூத்த மகளும். குழாய் வரிசையில் ஆள் நிற்காது, கேன்தான் நிற்கும். ஒவ்வொரு கேனின் கழுத்திலும் அடையாளத்துக்கு ஒரு துணித் துண்டோ கயிறோ கட்டியிருக்கும். தண்ணீர் வரும் நேரம் தவறினால் மகளின் பள்ளி நேரமும் தவறிவிடும். ஆகவே, குழாயை வீட்டுக்கு அருகில் கொண்டுவருவது பெண் கல்விக்குச் செய்யும் உதவியும் கூட.

● ஐ.நா. அகதிகள் ஆணையம் தரும் தார்ப்பாயின் அளவு 4 மீட்டருக்கு 5 மீட்டர். ஒருவருக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர் கூரை வேண்டும் என்பது விதி. ஐந்து பேருக்கு 17.5 சதுர மீட்டர். தார்ப்பாயை அப்படியே விரித்தால் 20 சதுர மீட்டர் வரும். சுவருக்கு மடித்துவிட்டால் போதாது. ஆகவேதான் வந்த சில மாதங்களிலேயே குடும்பங்கள் மண்ணைக் குழைத்துச் செங்கல் அறுக்கத் தொடங்கிவிடுகின்றன.

சாப்பாட்டுத் தட்டு

● ஒருவர் உயிரோடும் தெம்போடும் இருக்க நாளொன்றுக்கு 2,100 கிலோ கலோரி தேவை என்ற கணக்கில்தான் உலக உணவுத் திட்டம் ரேஷனை வகுக்கிறது. சோளம் அல்லது மக்காச்சோளம், பருப்பு வகை, சத்து சேர்த்த எண்ணெய், உப்பு, குழந்தைகளுக்கு மக்காச்சோளமும் சோயாவும் கலந்த மாவு. இதில் காய்கறி இல்லை, பால் இல்லை, மீன் இல்லை. மற்றதைக் குடும்பமே தேடிக்கொள்ள வேண்டும்.

● தானியம் முழுசாகக் கிடைத்தால் அதை அரைக்கக் காசு வேண்டும். காசு இல்லாதவர் மூட்டையில் ஒரு பங்கை மில்காரரிடம் கூலியாக விட்டுவிடுகிறார். இன்னொரு பங்கு சோப்புக்கோ பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்கோ விலை போகிறது. ரேஷனை விற்கிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் குறை சொல்வதுண்டு. சமைக்க விறகும், அரைக்கக் கூலியும், குளிக்க சோப்பும் இல்லாமல் தானியத்தை மட்டும் வைத்துக்கொண்டு எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது.

● குழந்தைக்கு ஊட்டச்சத்து போதுமா என்று பார்க்க ஒரு நாடா போதும். ஆறு மாதத்துக்கு மேல் ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தையின் மேல்கையின் நடுவில் அதைச் சுற்றுகிறார்கள். 125 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் பச்சை, 115-க்கும் 125-க்கும் இடையில் மஞ்சள், 115-க்குக் கீழே சிவப்பு. சிவப்பு என்றால் உயிருக்கு ஆபத்து; உடனே சிகிச்சை. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் நிறத்தைப் பார்த்தே நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

● அந்தச் சிவப்புக் குழந்தைக்குக் கொடுப்பது வேர்க்கடலை விழுது. பால் பொடி, சர்க்கரை, எண்ணெய், உயிர்ச்சத்துகள் சேர்த்து 92 கிராம் பொட்டலமாக வருகிறது. ஒன்றில் 500 கிலோ கலோரி. 1996-ல் பிரான்சில் உருவானது. அதற்கு முன் தண்ணீரில் கலக்கும் மருத்துவப் பாலைத்தான் கொடுத்தார்கள். சுத்தமான தண்ணீரும் ஆஸ்பத்திரிக் கட்டிலும் இல்லாமல் அதைக் கொடுக்க முடியாது. இப்போது தாய் பொட்டலத்தின் மூலையைக் கிழித்து வீட்டிலேயே குழந்தையின் வாயில் பிதுக்கி ஊட்டுகிறாள். கலக்க வேண்டாம், காய்ச்ச வேண்டாம்.

● 2015-ல் காக்குமாவிலும் தாதாபிலும் ரேஷனின் ஒரு பகுதி செல்போனுக்கு மாறியது. ‘பம்பா சக்குலா’ என்ற அந்தத் திட்டத்தில் உணவுக்கான தொகை செல்போன் வழியாக வந்தது. அங்கீகாரம் பெற்ற கடையில் விரும்பிய உணவை வாங்க முடிந்தது. கலோபேயேயில் தொடக்கத்தில் ஒருவருக்கு மாதம் 1,400 ஷில்லிங் கிடைத்தது. கடைக்காரர்களில் அகதிகளும் இருந்தார்கள், உள்ளூர் துர்கானா மக்களும் இருந்தார்கள். சோமாலியர் அரிசியும் காங்கோக்காரர் மாவும் வாங்கினார்கள். இன்றைக்கு என்ன சமைப்பது என்று தீர்மானிக்கும் உரிமை வீட்டுக்குத் திரும்பியது.

● நன்கொடை நாடுகள் கையை இழுத்துக்கொள்ளும்போது அடி விழுவது இந்தத் தட்டில்தான். 2025-ல் காக்குமாவில் ரேஷன் முழு அளவில் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அதே ஆண்டு மே மாதம் உகாண்டாவில் 10 லட்சம் அகதிகளுக்கு உணவு உதவி நிறுத்தப்பட்டது. எண்ணாகப் படிக்கும்போது இது வரவு செலவுக் கணக்கு. அந்த ஊரில் இது, இரண்டு வேளைச் சாப்பாடு ஒரு வேளையாவது. அதிலும் முதலில் தன் பங்கை விட்டுக்கொடுப்பவள் தாய்.

● நம் ஊர் சீமைக்கருவேலம் துர்கானாவிலும் புதராக மண்டிக் கிடக்கிறது. நிலத்தைக் காக்கவென்று 1970, 80-களில் கென்யாவில் நட்டது, ஆற்றோரங்களையும் மேய்ச்சல் நிலங்களையும் விழுங்கிவிட்டது. ராமநாதபுரம், விருதுநகர் பக்கத்தில் நடப்பதுபோலவே அங்கேயும் அதை வெட்டிக் கரி சுடுகிறார்கள். துர்கானாப் பெண்கள் தலைச்சுமையாக முகாமுக்குக் கொண்டுவந்து விற்கும் கரியிலும் விறகிலும்தான் பல அகதி வீடுகளின் அடுப்பு எரிகிறது. விலையாகப் பணத்துக்குப் பதில் ரேஷன் மாவும் கைமாறும்.

● விறகு பொறுக்கப் போவது உயிரைப் பணயம் வைக்கும் வேலையாகவும் இருந்திருக்கிறது. தாதாபைச் சுற்றிய புதர்க்காட்டில் பெண்கள் தொடர்ந்து பாலியல் தாக்குதலுக்கு ஆளானதால், 1998-ல் வீடுகளுக்கு விறகு வழங்கும் திட்டமே தொடங்கப்பட்டது.

● காக்குமா டீக்கடையில் சப்பாத்தி, சம்புசா, பால் விட்டுக் காய்ச்சிய சாயா கிடைக்கும். 1896 முதல் 1901 வரை உகாண்டா ரயில் பாதை போட இந்தியாவிலிருந்து 30,000-க்கு மேற்பட்ட தொழிலாளர்கள் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். சப்பாத்தி அங்கே வேரூன்றியதில் இந்தியர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அடுத்த கடையில் எத்தியோப்பியப் புளித்த மாவு இஞ்சேரா. அதற்கடுத்த கடையில் கொதி எண்ணெயிலிருந்து எடுத்த மந்தாசி.

கடைத்தெரு

● சர்வதேச நிதிக் கழகம் 2018-ல் வெளியிட்ட ஆய்வு, காக்குமா முகாமையும் பக்கத்து ஊரையும் ஒரு சந்தையாக எண்ணிப் பார்த்தது. 2,100-க்கு மேற்பட்ட கடைகள், 14 மொத்த வியாபாரிகள், ஆண்டுக்குச் சுமார் 600 கோடி கென்ய ஷில்லிங் மதிப்புள்ள பொருளாதாரம். கையில் ஒன்றுமில்லாமல் வந்தவர்கள் எழுப்பியது இது.

● அகதிகள் வந்தால் உள்ளூரார் பிழைப்பு கெடும் என்பது எங்கும் கேட்கும் பேச்சு. 2016-ல் உலக வங்கி நடத்திய ஆய்வோ, காக்குமாவால் துர்கானாவின் மொத்த உற்பத்தி 3 சதவீதத்துக்கு மேல் உயர்ந்திருக்கிறது, வேலைவாய்ப்பும் சுமார் 3 சதவீதம் கூடியிருக்கிறது என்று கண்டது. உகாண்டாவில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், கம்பாலா நகரத்து அகதிகளில் 21 சதவீதத்தினர் பிறருக்கு வேலை தரும் தொழில் நடத்தினார்கள். அவர்கள் வேலைக்கு வைத்தவர்களில் 40 சதவீதத்தினர் உகாண்டா நாட்டினர்.

● முகாம் பள்ளியில் பாடம் நடத்தும் ஆசிரியர், மருத்துவமனையில் மொழிபெயர்ப்பவர், வீடு வீடாகப் போய்க் குழந்தைகளின் கையை அளப்பவர் ஆகியோரில் பலர் அகதிகளே. கென்ய முகாம்களில் இவர்களுக்குக் கிடைப்பது சம்பளம் என்ற கணக்கில் வராது. ‘ஊக்கத்தொகை’ என்று பெயர். அதே வேலையைச் செய்யும் கென்யர் வாங்குவதில் அது சிறு பகுதிதான். வேலை செய்ய முறையான அனுமதி கிடைப்பது அரிதாக இருந்ததால் வந்த ஏற்பாடு இது. முகாமின் சேவைகளைத் தோளில் சுமப்பவர்கள் இவர்கள்தான். உரிய கூலி இவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும்.

● நம் மகளிர் சுய உதவிக் குழு போலவே இந்த முகாம்களிலும் 15 முதல் 25 பேர் சேர்ந்து சேமிப்புக் குழு நடத்துகிறார்கள். பணம் தகரப் பெட்டியில். பெட்டிக்கு மூன்று பூட்டு, மூன்று சாவி மூன்று பேரிடம், பெட்டி நான்காமவர் வீட்டில். கூட்டத்தில் எல்லோர் கண்முன்னே எண்ணித்தான் வைப்பார்கள், எண்ணித்தான் எடுப்பார்கள். ஏறத்தாழ ஓராண்டு முடிந்ததும் வட்டியோடு பங்கு பிரித்துக்கொள்வார்கள். 1991-ல் நைஜர் நாட்டில் கேர் அமைப்பு தொடங்கிய முறை இது. வங்கிக் கணக்குக்குத் தேவையான காகிதம் இல்லாதவர்களுக்கு நம்பிக்கையே பிணை.

● தெற்கு சூடான் பெண்கள் படுக்கை விரிப்புகளில் செய்யும் வண்ணப் பூவேலைக்கு ‘மிலாயா’ என்று பெயர். விளிம்பில் பின்னல், நடுவில் பூவும் பறவையும். வீட்டை விட்டு ஓடும்போது மூட்டையில் சுருட்டி எடுத்துவந்த அந்த விரிப்பும், அதைத் தைக்கும் கையும் பிடிபிடியில் பல குடும்பங்களுக்கு வருமானம் ஆகியிருக்கின்றன.

படிப்பு

● போரில் பள்ளியை விட்டவர்கள் பதினைந்து வயதில் முதல் வகுப்பில் உட்காரக் கூச்சப்படுவார்கள். அவர்களுக்காக உகாண்டாக் குடியிருப்புகளில் விரைவுக் கல்வித் திட்டம் நடக்கிறது. ஏழு ஆண்டுத் தொடக்கக் கல்வி மூன்று ஆண்டில் முடிகிறது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வகுப்புக்கு வரும் இளம் தாய்மாரும் அங்கே உண்டு.

● காங்கோவிலும் புருண்டியிலும் பிரெஞ்சில் படித்த பிள்ளைகள் உகாண்டாவுக்கு வந்ததும் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும். கணக்கில் கெட்டிக்காரப் பையன் மொழி தெரியாமல் இரண்டு வகுப்பு கீழே இறக்கப்படுவது சாதாரணம்.

● கனடாவின் கல்லூரி மாணவர்கள் தங்கள் கட்டணத்தோடு ஒரு சிறு தொகையைச் சேர்த்துக் கட்டி, அகதி மாணவர்களைத் தங்கள் கல்லூரிக்கு அழைத்துப் படிக்க வைக்கிறார்கள். 1978 முதல் நடந்துவரும் இந்தத் திட்டத்தில் காக்குமாவிலிருந்தும் தாதாபிலிருந்தும் பலர் போயிருக்கிறார்கள். கென்யாவின் பள்ளியிறுதித் தேர்வில் எடுக்கும் மதிப்பெண் அந்தப் பிள்ளைகளுக்குப் புது வாழ்க்கையின் வாசல்.

● போக முடியாதவர்களைத் தேடிப் பல்கலைக்கழகமே வந்ததும் உண்டு. கனடாவின் யார்க், கென்யாவின் கென்யாட்டா பல்கலைக்கழகங்களும் வேறு சிலவும் சேர்ந்து 2013-ல் தாதாபில் வகுப்புகளைத் தொடங்கின. முகாம் ஆசிரியர்கள் முகாமிலிருந்தபடியே பட்டம் வாங்கினார்கள்.

● 2008-ல் காக்குமாவில் அகதிகளே ஒரு செய்தி இதழைத் தொடங்கினார்கள். முகாமை நடத்துபவர்களையும் கேள்வி கேட்கும் சுதந்திர இதழ் அது. உதவி பெறுபவர்கள் வாயைத் திறக்கக் கூடாது என்ற எழுதாத விதியை அது உடைத்தது.

ஓடியவர்கள்

● 2000-ல் சிட்னி ஒலிம்பிக் நடந்தபோது காக்குமாப் பையன் ஒருவன் ஐந்து மைல் நடந்து, ஐந்து ஷில்லிங் கொடுத்து, கறுப்பு வெள்ளை டி.வி.யில் அமெரிக்க வீரர் மைக்கேல் ஜான்சன் ஓடுவதைப் பார்த்தான். நானும் இப்படி ஓட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தான். அவன்தான் லோபெஸ் லோமோங். ஆறு வயதில் கடத்தப்பட்டு, தப்பி, பத்தாண்டு காக்குமாவில் வளர்ந்தவர். பின்னர் அமெரிக்காவில் குடியேறிய அவர், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவில் அமெரிக்கக் கொடியைச் சுமந்து நடந்தார்.

● 2016 ரியோ ஒலிம்பிக்கில் முதல்முறையாக அகதிகள் அணி களமிறங்கியது. பத்து பேரில் ஐந்து பேர் காக்குமாவின் ஓட்டக்காரர்கள். அணியின் கொடியை ஏந்தியவர் அவர்களில் ஒருவரான ரோஸ் லோகோன்யென்; முகாமில் தன் முதல் பந்தயத்தை வெறுங்காலில் ஓடியவர். பயிற்சி அளித்தவர் கென்யாவின் புகழ்பெற்ற மாரத்தான் வீராங்கனை டெக்லா லோருப்.

● 2022 ஜூனில் பெரு அணியை வென்று ஆஸ்திரேலியா உலகக் கோப்பைக் கால்பந்துக்குத் தகுதிபெற்ற ஆட்டத்தில், வெற்றியைத் தீர்மானித்த பெனால்டி வரிசையில் ஒரு கோல் அடித்தவர் அவெர் மாபில். 1995-ல் காக்குமாவில் மண் குடிசையில் பிறந்தவர்.

சட்டமும் உரிமையும்

● போர், ஆக்கிரமிப்பு, பொது ஒழுங்கு சீர்குலைவு எதனால் ஓடி வந்தாலும் அவர் அகதிதான் என்று பரந்த மனதோடு வரையறுத்தது ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் 1969 ஒப்பந்தம். ஐ.நா.வின் 1951 ஒப்பந்தத்தில் இவ்வளவு இடம் இல்லை. ஆண்டுதோறும் ஜூன் 20-ல் வரும் உலக அகதிகள் தினமும் முதலில் ஆப்பிரிக்க அகதிகள் தினமாக இருந்ததுதான். 2001 முதல் உலகம் அதை எடுத்துக்கொண்டது.

● உகாண்டாவில் 2024 இறுதியில் 17 லட்சத்துக்கு மேற்பட்ட அகதிகள் இருந்தார்கள். ஆப்பிரிக்காவிலேயே இதுதான் அதிகம். அந்நாட்டின் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி அகதி வேலை செய்யலாம், தொழில் தொடங்கலாம், விரும்பிய இடத்துக்குப் போகலாம். குடியிருப்புகளில் வீடு கட்டவும் பயிர் செய்யவும் துண்டு நிலமும் கிடைக்கும். பிடிபிடியில் அது 30 மீட்டருக்கு 30 மீட்டர். ஆள் பெருகப் பெருகத் துண்டு சுருங்குகிறது என்பதும் உண்மை.

● உகாண்டாவில் அகதிகளுக்காக வரும் உதவியில் 30 சதவீதம் உள்ளூர் மக்களுக்கும் போக வேண்டும் என்பது கொள்கை. ஒரே ஆரம்ப சுகாதார நிலையம், ஒரே பள்ளி, ஒரே குழாய். அகதிகள் தங்களுக்குள் தேர்தல் நடத்தி, கிராமம் முதல் குடியிருப்பு வரை மூன்று அடுக்கு நலச் சபைகளையும் அமைத்துக்கொள்கிறார்கள்.

● 2018-ல் உகாண்டா அரசும் ஐ.நா.வும் விரல் ரேகையும் கண் பதிவும் எடுத்து எல்லோரையும் நேரில் சரிபார்த்தன. பட்டியலில் 14 லட்சம். நேரில் வந்தவர்கள் 11 லட்சம். ஏழைகளின் பெயரில் யாரோ சாப்பிட்டால் இழப்பு ஏழைகளுக்குத்தான். கணக்கைச் சரியாக வைப்பதும் அவர்களுக்குச் செய்யும் சேவையே.

● 1972 படுகொலைக்குத் தப்பி புருண்டியிலிருந்து வந்தவர்களைத் தான்சானியா கட்டும்பா, மிஷாமோ, உல்யன்குலு குடியிருப்புகளில் நிலம் கொடுத்துக் குடியமர்த்தியது. அவர்கள் காட்டை வயலாக்கினார்கள். 2014-க்குள் அவர்களிலும் அவர்களுடைய பிள்ளைகளிலும் சுமார் 1,62,000 பேர் தான்சானியக் குடிமக்கள் ஆனார்கள். இவ்வளவு பேரை ஒன்றாகக் குடியுரிமை கொடுத்துச் சேர்த்துக்கொண்ட நாடுகள் மிகக் குறைவு.

● கென்யாவின் பாதை வேறு. முகாமை விட்டு வெளியூர் போக அகதிக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். 2016-ல் தாதாபை மூடுவதாக அரசு அறிவித்தது. 2017 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் அது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தடுத்தது. பிறகு காற்று மாறியது. 2021-ல் புதிய அகதிகள் சட்டம் வந்தது. 2025-ல், முகாம்களை உள்ளூர் மக்களும் அகதிகளும் சேர்ந்து வாழும் ஊர்களாக மாற்றும் ‘ஷிரிகா’ திட்டம் தொடங்கியது. காக்குமா–கலோபேயே நகராட்சி அந்தஸ்தும் பெற்றது.

காக்குமாவின் 2,100 கடைகளையும் பிடிபிடியின் வயல்களையும் தாதாபின் பட்டதாரிகளையும் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. பசித்தவருக்கு உணவு உடனே வேண்டும். அதைப் பாதியில் நிறுத்துவது கொடுமை. ஆனால் அவரை மறுபடி தன் காலில் நிற்க வைப்பது நிலம், வேலை, போய்வரும் சுதந்திரம், பிள்ளைக்குப் பள்ளி ஆகிய நான்கும்தான். இவற்றைக் கொடுத்த இடங்களில் அகதிகள் ஊருக்குச் சுமையாக இருக்கவில்லை, ஊரையே வளர்த்திருக்கிறார்கள். நகராட்சி என்ற பலகை காக்குமாவில் ஏறிவிட்டது. அங்கே பிறந்து வளர்ந்து இன்று தாய் தந்தையராகிவிட்டவர்களுக்கு வேலை அனுமதியும் போய்வரும் உரிமையும் தாமதமில்லாமல் கிடைப்பதுதான் அந்தப் பலகைக்கு அர்த்தம் தரும்.